இலையை எடுத்தது யார்?

லாரி எடைமேடைகளுக்கு ரசீது அச்சிடும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறேன். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் எழுதியது. ஒருவருக்கு லாரி எண் மேலே வர வேண்டும், இன்னொருவருக்குச் சாக்கின் எடை கழிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கம்பைல் செய்து பென் டிரைவில் கொண்டுபோய் அலுத்துவிட்டது. அவரவர் விருப்பத்தை ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலாகத் தனியே எழுதிக்கொள்ள, கம்பைல் செய்யாமலே ஓட்ட, உள்ளே லுவாவை வைத்தேன். 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. இன்னொரு நிரலுக்குள் குடித்தனம் நடத்தத் தோதாகவே அதை அமைத்திருக்கிறார்கள்.

தராசைக் கையாளும் என் சி பிளஸ் பிளஸ் கிளாஸை லுவாவுக்குக் காட்டுவது ஒரு நாள் வேலை. யூசர்டேட்டா என்ற பெட்டிக்குள் தராசின் பாயிண்டரை (நினைவகத்தில் அது இருக்கும் முகவரியை) வைத்து, என்னென்ன செய்யலாம் என்பதை மெட்டாடேபிள் என்ற பட்டியலில் எழுதி ஒட்டினால் போதும். ஸ்கிரிப்டில் தராசின் செயற்கூறை அழைக்கும்போது புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி (:) போட வேண்டும். இல்லையென்றால் எந்தத் தராசு என்பதே உள்ளே போய்ச் சேராது. இதில் அரை நாள் போனது, வெட்கம்தான்.

பிறகு மென்பொருள் சாகத் தொடங்கியது. காலையில் இருபது லாரி ஒழுங்காகப் போகும், இருபத்தொன்றாவதில் விழும். மறுநாள் ஐந்தாவதிலேயே விழும். கேபிளைச் சந்தேகித்தேன், மின்சாரத்தைச் சந்தேகித்தேன். கடைசியில், ஸ்கிரிப்டின் ஒவ்வொரு அடிக்கும் பிறகு, வேண்டாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் லுவாவின் குப்பை சேகரிப்பைக் கட்டாயமாக ஓடவிட்டேன். முதல் லாரியிலேயே விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

நடந்தது இதுதான். ஸ்கிரிப்ட் முடிந்ததும் பெட்டி லுவாவுக்கு வேண்டாத பொருளாகிவிடுகிறது. அதைக் கூட்டி அள்ளும்போது, அந்த நேரத்தில் ஓடும்படி நானே எழுதிவைத்த ஜிசி (குப்பை சேகரிப்பு) செயற்கூறு உள்ளே இருந்த தராசையும் சேர்த்து அழித்துவிடுகிறது. சி பிளஸ் பிளஸ் பக்கமோ அதே தராசில் அடுத்த எடையைப் படிக்கப் போகிறது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை எடுத்த கதை. எப்போது எடுப்பார்கள் என்பது நினைவகம் எவ்வளவு நிரம்பியது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அந்த ஐந்தும் இருபத்தொன்றும்.

தராசு மென்பொருளுடையது, லுவாவுக்கு இரவல்தான் என்று பிரித்துவிட்டேன். ஜிசி இனி தராசைத் தொடாது. தராசை நானே மூடினால் பெட்டியிலிருக்கும் பாயிண்டரையும் வெறுமையாக்குகிறேன். ஒவ்வொரு செயற்கூறும் முதலில் அதைப் பார்த்து, வெறுமை என்றால் பிழைச்செய்தி தருகிறது. லுவா புதிதாக உருவாக்கும் ரசீதுகளை மட்டும் லுவாவே அழிக்கட்டும்.

நேற்று ஒருவர் ரசீதின் அடியில் குலதெய்வத்தின் பெயர் வர வேண்டும் என்றார். தொலைபேசியிலேயே ஒரு வரி சொன்னேன், அவரே சேர்த்துக்கொண்டார். முக்காற்புள்ளியை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.