ட்ரவுட் ஓடையிலிருந்து வரும் நாலு மில்லிமீட்டர் பூச்சி

பெங்களூரில் நீர்ப்பூச்சி பார்க்கும் ஆய்வகத்துக்கு நீலகிரியின் அவலாஞ்சி, மூணாறின் ராஜமலை போன்ற ட்ரவுட் மீன் வாழும் ஓடைப் பக்கங்களிலிருந்து குப்பிகள் வந்தால், அதிகம் திணறடிப்பது மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சி வகையில் சின்னதுதான். உடல் நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர். ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இது டிரைக்கோதானே? அப்படியே இருக்கே" என்பார்கள். படம் அமெரிக்காவில் தூண்டில் போடுகிற யாரோ எடுத்தது. டிரைக்கோ என்று சுருக்கிச் சொல்லும் டிரைக்கோரித்தோடஸ் பேரினம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே கிடையாது. ட்ரவுட்டை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அது தின்னும் பூச்சி இந்த மலையிலேயே இருந்தது. மீனை வைத்துப் பூச்சிக்குப் பெயர் தேடினால் ஆரம்பமே கோணல்.

இறக்கை முளைத்த பூச்சி என்றால் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். பின்னிறக்கை இல்லை, வால் இழை மூன்று, முன்னிறக்கையின் பின் ஓரத்தில் மயிர் வரிசை, சின்னக் கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று எட்ட இருக்கின்றன. நான்கும் பொருந்தினால் சீனிஸ் பேரினம் அடங்கிய சீனிடே குடும்பம். வால் இரண்டு, ஆணின் கண்மேல் தலைப்பாகை கட்டியது போல இன்னொரு கண் என்றால் பீட்டிடே என்ற வேறு மேஃப்ளைக் குடும்பம். அந்தக் குடும்பத்திலும் குளோயான் போன்றவற்றுக்குப் பின்னிறக்கை கிடையாது. அதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. வால் உடையாமல் வரும் பூச்சி அபூர்வம். மிச்சமிருக்கும் இழைகளை எண்ணாமல், அடியில் அவை முளைத்த இடங்களை எண்ண வேண்டும்.

மயிர் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோல் உரிக்கும் பூச்சி மேஃப்ளை ஒன்றுதான். அந்த இடைப்பட்ட நிலையில் மற்ற மேஃப்ளைகளுக்கும் இறக்கை ஓரத்தில் மயிர் இருக்கும். இறக்கை மங்கலாகத் தெரியும். சீனிஸோ முழு வளர்ச்சிக்குப் பிறகும் மயிரை வைத்துக்கொள்ளும். மங்கலான இறக்கை என்றால் ஆணுறுப்பு இன்னும் முழுதாக உருவாகவில்லை என்று அர்த்தம். அதை வைத்து இனப்பெயர் தேடுவது வீண் வேலை. ஓடைக்கரையில் வலைக்கூண்டில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் தானே உரித்துவிடும். சீனிஸுக்குச் சில நிமிடங்களே போதும். அவசரப்பட்டு ஆல்கஹாலில் போடுகிறவர்களால்தான் பாதிக் குப்பி வீணாகிறது.

நீரில் வாழும் இளம்பருவமான நிம்ஃப் கிடைத்தால் வேலை சுலபம். வயிற்றின் இரண்டாம் வளையத்துச் செவுள் சதுர மூடியாகி, பின்னால் உள்ள செவுள்களை மறைத்திருக்கும். இரண்டு மூடிகளும் நடுவில் தொட்டுக்கொள்ளும். முதல் வளையத்தில் ஒரு சின்ன இழைச் செவுள் மட்டும். வண்டல் செவுளை அடைக்காமல் காப்பதுதான் மூடியின் வேலை. ஆகவே இதைத் தேட வேண்டிய இடம் ட்ரவுட் நிற்கும் பாறை நீரோட்டம் இல்லை, கரையோரம் வண்டல் படிந்த மெதுநீர். 500 மைக்ரான் வலையில் சின்னவை நழுவிவிடும். 250 மைக்ரான் வேண்டும். வெள்ளைத் தட்டில் கொட்டியதும் சேற்றோடு சேறாகக் கிடக்கும். இரண்டு நிமிடம் கை வைக்காமல் பார்த்தால் நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் டெலோகனோடிடே என்ற மேஃப்ளைக் குடும்பத்துக்கும் செவுள் மூடி உண்டு என்பதால், மூடியைக் கண்டதுமே சீனிஸ் என்று எழுதிவிட வேண்டாம்.

இரவுப் பேருந்தில் பெங்களூர் வருவதற்குள் பூச்சியைக் கெடுப்பது குப்பிக்குள் இருக்கும் காற்றுக்குமிழி. அது உருண்டு உருண்டே கால்களையும் செவுளையும் பிய்த்துவிடும். ஆல்கஹாலை விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். உடம்பிலிருந்து நீர் கசிந்து ஆல்கஹால் நீர்த்துப்போவதால் மறுநாளே மாற்ற வேண்டும். உள்ளே போடும் சீட்டு பென்சிலில்தான். பால்பாயின்ட் மை கரைந்து, எந்த ஓடை என்பதே தெரியாமல் போய்விடும்.

இனம் வரை போக ஆண் வேண்டும். வயிற்றின் கடைசி வளையங்களை வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்திலேயே ஊறவைத்து அடிக்கடி பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தால் இந்த அளவுப் பூச்சியில் ஆண் பெண்ணைப் பற்றும் பிடிப்பான்களே கண்ணுக்குத் தெரியாமல் வெளுத்துவிடும். தண்ணீரில் அலசி, படிப்படியாக ஆல்கஹாலுக்கு ஏற்றி, ஸ்லைடில் பதிக்கும் பசையான யூபராலில் பதிக்கலாம். எல்லா ஆய்வகத்திலும் டிபிஎக்ஸ் என்ற இன்னொரு பசை கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.52, யூபராலுக்கு 1.48. டிபிஎக்ஸ் பூச்சித் தோலின் எண்ணுக்கு நெருங்கிவிடுவதால், பிடிப்பானின் நுனியில் இருக்கும் முள் கொத்து மங்கிவிடும். சீனிஸ் இனங்களைப் பிரிப்பதில் அந்த முனைக்குப் பெரிய பங்கு. கவர்ஸ்லிப்பின் கீழே உடைந்த கண்ணாடித் துண்டு இரண்டை முட்டுக்கொடுக்காவிட்டால் உறுப்பு நசுங்கி, வடிவமே வேறாகத் தெரியும். மழைக்காலத்தில் ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஸ்லைடில் வெள்ளைப் படலம் விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

டிஎன்ஏ பார்ப்பதானால் நடுக்கால் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். முன்காலில் கை வைக்க வேண்டாம். அதன் தொடைக்கும் கணைக்காலுக்கும் உள்ள நீள விகிதம் அடையாளத்துக்கு வேண்டும். இனம் காண ஒப்பிடும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துப் பகுதி கிடைத்தாலும், ஒப்பிட நம் இனங்களின் பதிவு தரவுத்தளத்தில் இல்லையென்றால் திரையில் முதலில் வருவது ஐரோப்பியப் பெயராக இருக்கும். 85 சதவீதப் பொருத்தத்தை இனப்பெயராக எழுதுவது தப்பு.

விளக்கு வைத்துப் பிடித்ததில் பெண் பூச்சிகள் மட்டுமே இருந்தால், பெரும்பாலும் "சீனிஸ், இனம் தெரியாது, பெண்" என்று எழுதி, ஓடையின் பெயர், உயரம், தேதி சேர்த்து அப்படியே வைத்துவிடலாம். ஸ்லைடு செய்திருந்தால் உடல் இருக்கும் குப்பிக்கும் ஸ்லைடுக்கும் ஒரே எண் போட வேண்டும்.