பத்மநாபனுக்கு வழிவிடும் ஓடுபாதை: திருவனந்தபுரத்தில் பங்குனி ஆறாட்டு

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் திருவனந்தபுரத்தில் ஐந்து மணி நேரம்போல விமானம் ஏறாது, இறங்காது. பத்மநாபசுவாமி ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார். ஐப்பசியிலும் இதே போல ஒரு நாள் உண்டு. 1932-ல் விமான நிலையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆறாட்டு, அதாவது சாமி நீராடப் போகும் ஊர்வலம், அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நிலையம் வந்த பிறகும் சாமி வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நிர்வாகம் தனியார் கைக்கு மாறியும் வழக்கம் அப்படியே நடக்கிறது. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும், விமானங்களின் நேரத்தை மாற்றி வைப்பார்கள். பத்திரிகைகள் வருஷா வருஷம் இதைத்தான் எழுதுகின்றன. நானும் இதைப் பார்க்கத்தான் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது முந்தின ராத்திரி பள்ளிவேட்டைதான், சாமி வேட்டைக்குப் போகும் சடங்கு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் அவ்வளவு வெளியூர் இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அதற்கும் முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், தலைநகரமே நம்முடைய பத்மநாபபுரம்தான். இன்றைக்கும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்துதான் அங்கே எழுந்தருளுகிறார்கள். திருவட்டாறு ஆதிகேசவனுக்கும் ஐப்பசி, பங்குனி என்று இதே இரண்டு திருவிழாக்கள். அவருக்கு ஆற்றில் ஆறாட்டு, இவருக்குக் கடலில்.

மாமா சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் மலையாளம் தெரியாமலே ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டியதை எல்லாம் வாங்கிவிடலாம், அத்தனை தமிழ்க்காரர்கள். பையைக் கடையில் போட்டுவிட்டு, கோயில் இருக்கும் ‘கிழக்கே கோட்டை’ப் பகுதிக்கு நடந்தேன். பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் அங்கே பஞ்ச பாண்டவர் உருவங்களைப் பெரிய அளவில் நிறுத்துகிறார்கள். இந்திரன் மனம் குளிர்ந்து மழை தருவான் என்பது நம்பிக்கை. மீன மாத (நம்முடைய பங்குனி) வெயில் மண்டையைப் பிளக்கும்போது இந்திரனை நினைக்காமல் வேறு யாரை நினைப்பது! பீமனின் காலடியில் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டம். உள்ளே தரிசனம் வழக்கம் போல: வேட்டி, சட்டையில்லா உடம்பு, நீண்ட வரிசை, மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகத் தெரியும் அனந்தசயனம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பள்ளிவேட்டை ஒன்பதாம் நாள் ராத்திரி. கோட்டைக்குள்ளேயே, சுந்தரவிலாசம் அரண்மனைக்கு முன்னால் வேட்டைக்களம். கன்னியாகுமரியில் விஜயதசமி அன்று பகவதி அம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேட்டை என்றால் எனக்கு மேளமும் நெரிசலும்தான். இங்கே சாமி வேட்டைக்குப் போகும்போது ஒரு வாத்தியமும் ஒலிப்பதில்லை. செண்டைக்காரர்கள் செண்டையைத் தோளில் தொங்கவிட்டு, குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். வாகனத்தைத் தூக்கி வருபவர்களின் காலடிச் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பையன் ஏதோ கேட்க வாயெடுத்தான், அவன் அப்பா உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினார். வேட்டையாடப் போகிறவன் சத்தம் போட்டால் மிருகம் ஓடிவிடும் அல்லவா? கணக்கு அவ்வளவுதான். ஆனால் அத்தனை ஆயிரம் பேர் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அம்பு எய்வது அரச குடும்பத்தின் தலைவர், இப்போது மூலம் திருநாள் ராமவர்மா. இலக்கு ஓர் இளநீர். 1750-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தானும் தன் வம்சமும் பத்மநாபதாசர்கள் என்று சொல்லிக்கொண்டார். அதனால் ராஜா இங்கே எஜமான் இல்லை, எஜமானுக்காக வில் பிடிக்கும் ஊழியர். நான் நின்ற இடத்திலிருந்து வில் வளைந்தது மட்டும் தெரிந்தது, அம்பு போனது தெரியவில்லை. மறு நொடி சங்கு, செண்டை, நாகசுரம் எல்லாம் ஒரே மூச்சில் வெடித்தன. திரும்பிப் போகும் வழியெல்லாம் ஆர்ப்பாட்டம்தான். வாய் பொத்தப்பட்ட பையன் இப்போது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆறாட்டு. நகரத்தில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் விடுமுறை. “மக்கா, சாப்பிட்ட உடனே கெளம்பீரு, அப்புறம் ஈஞ்சக்கல் பக்கம் போக ஒக்காது” என்று மாமா விரட்டினார். கோயிலின் மேற்கு வாசலில் இடம் பிடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முதலில் முரசு ஏற்றிய யானை. பிறகு குதிரைப் போலீஸ், ஆயுதப் போலீஸ், வாளும் கேடயமும் ஏந்தியவர்கள். அதற்குப் பின்னால் பச்சைத் தொப்பியும் உருவிய வாளுமாக அரச குடும்பத் தலைவர். பின்னாலேயே கருட வாகனங்களில் பத்மநாபனும், நரசிம்மரும், திருவாம்பாடி கிருஷ்ணனும். நகரத்தின் வேறு சில கோயில்களின் மூர்த்திகளும் சேர்ந்துகொள்கிறார்கள். நம் ஊர் சப்பரம் மாதிரி நின்று, ஆடி, அசைந்து வருவதெல்லாம் இல்லை. சீரான வேகத்தில் நடை. கேமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் சாமி தாண்டிப் போயிருந்தார். பூ அலங்காரமும் கொஞ்சம்தான். திருச்சூர் பூரத்தை நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கு இந்த எளிமைதான் பிடித்திருந்தது.

ஈஞ்சக்கல் தாண்டினால் வள்ளக்கடவு. முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதி, பீமாபள்ளியும் பக்கத்தில்தான். மொட்டை மாடிகளில் தலையில் தட்டமிட்ட பெண்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு யானையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடை வாசலில் சம்பாரம் நிறைத்த அண்டா, பக்கத்தில் அடுக்கி வைத்த ஸ்டீல் டம்ளர்கள். இஞ்சியும் நாரத்தை இலையும் இடித்துப் போட்ட அந்த மோரில் நான் இரண்டாவது டம்ளர் கேட்டபோது கடைக்காரர், “தமிழ்நாடா? இன்னும் குடி” என்று தமிழிலேயே சொன்னார்.

அதற்கப்புறம்தான் விமான நிலையச் சுவர். ஆறாட்டுக்காகத் திறக்கும் வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்கிறார்கள். பாஸ் இருந்தால்தான் ஓடுபாதையைக் கடக்க விடுவார்கள். என்னிடம் இல்லை. வாசல் வழியாகப் பார்த்தேன். அகலமான கறுப்புத் தார்ப்பரப்பு, அதன் மேல் யானையும் குடையும் சின்னதாகிக்கொண்டே போயின. அவ்வளவுதான். எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தக் காட்சி எனக்குச் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. சாமி திரும்பிய பிறகு ஓடுபாதையைச் சோதித்து, ஒரு குச்சியோ பூவோ கிடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் விமானங்களை விடுவார்கள்.

பாஸ் இல்லாதவர்களுக்கு வழி சாக்கை, ஆல் செயின்ட்ஸ் வழியாகச் சுற்றி வருவது. ஆட்டோக்காரர் கேட்ட கூலி அநியாயம், ஆனால் அன்றைக்குப் பேரம் பேசிப் பயனில்லை. சங்குமுகத்தில் கானாயி குஞ்ஞிராமனின் ஜலகன்யகை சிலை வரைக்கும் ஜனம். 2017 ஒக்கிப் புயலிலிருந்து இந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது, பழைய அகலம் இல்லை. மணலில் மேடை போட்டு, மூர்த்திகளை இறக்கிப் பூஜை நடந்தது. பிறகு தலைமைப் பூசாரியான தந்திரியும் மற்றவர்களும் மூர்த்திகளோடு அலைக்குள் இறங்கினார்கள். எனக்கு எதிரே நூறு கைபேசிகள் உயர்ந்தன. அவற்றின் இடுக்கில் ஈர வேட்டிகளும் ஓர் அலை அடித்துத் தடுமாறி நின்றவர்களின் முதுகுகளும் தெரிந்தன. சாமி மூழ்கி எழுந்தபோது என் பக்கத்தில் நின்ற மீனவப் பாட்டி ஒருத்தி, கழுத்தில் சிலுவையுடன், கைகூப்பி நின்றாள்.

தீவெட்டி வெளிச்சத்தில் அதே வழியில் சாமி கோயிலுக்குத் திரும்ப, கொடி இறங்குவதோடு திருவிழா முடிகிறது. நான் சாலைக்கு வந்து போளியும் பால் பாயசமும் சாப்பிட்டேன். இலையில் போளியைப் போட்டு மேலே பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிட்டால் மாமா திட்டுவார்.

போக நினைப்பவர்கள் ஐப்பசியைவிடப் பங்குனியைத் தேர்ந்தெடுங்கள், ஐப்பசியில் மழை கெடுத்துவிடும். ஒரே நாள்தான் நேரம் என்றால் ஆறாட்டைக்கூட விட்டுவிடலாம், பள்ளிவேட்டையை விட வேண்டாம்.