விர்ட்டஸ் ஜி.டி. வாங்கியதும், அதற்குக் காப்பீடு எடுத்ததும்

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய போலோவை விற்றுவிட்டு, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜி.டி. பிளஸ் காரை ஆறு கியர் மேனுவல் வகையில் முன்பதிவு செய்தேன். எந்தக் கார் என்று முடிவு செய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு எந்தக் காப்பீடு, யாரிடம், எந்தச் சேர்க்கைகளுடன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன் பாதுகாப்புகள்) என்று முடிவு செய்ய இருபத்திரண்டு நாள்கள் பிடித்தன. அந்த நாள்களில் நான் கேட்டதையும் கணக்குப் போட்டதையும் தவறவிடப் பார்த்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். வேகமான கார் ஒன்றை முதல் முறையாக வாங்கப் போகிறவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1498 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 பி.எஸ். (குதிரைத் திறன்), 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை; அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து தொடங்கும் முன், டெஸ்ட் டிரைவ் கேட்டு வாங்கினேன். இரண்டாம் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, பழைய போலோவில் நான் மூன்று வினாடி காத்திருந்து பெறும் வேகம் கேட்ட மாத்திரத்தில் வந்தது. இந்தக் காரைத்தான் வாங்குவேன் என்பது அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

ஆடியில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவதால், அந்த மாதத்தில் விலை பேசுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அது சரியாகவே இருந்தது. ஆடியில் முன்பதிவு செய்து ஆவணியில் டெலிவரி எடுப்பதாகச் சொல்லி மூன்று ஊர்களில் விலைப்பட்டியல் வாங்கினேன். எக்ஸ்ஷோரூம் விலை ஏறத்தாழ 18 லட்சம். அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுள்கால வரி: 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 விழுக்காடு, அதாவது மூன்று லட்சத்துக்கும் அதிகம். 10 லட்சத்தைத் தாண்டும் கார் என்பதால் விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.சி.எஸ். ஒரு விழுக்காடு பிடித்தார்கள், இதை வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பட்டியல்களில் வரித் தொகைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வேறுபட்டது காப்பீட்டுத் தொகை மட்டும்தான்.

அவற்றில் ஒரு பட்டியலில் 'இன்சூரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நேராக 82,000 ரூபாய்க்குச் சற்று மேல் எழுதியிருந்தார்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டேன். "எல்லாமே கவர் ஆயிடும் சார், பம்பர் டு பம்பர்" என்பதே கிடைத்த விடை. வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றபோது, அப்படி எடுத்தால் விபத்துக்குப் பின் கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே பணிமனைக்கு நேராகக் கட்டும் வசதி, கிடைக்காது என்றார்கள். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வண்டி விற்பவர் தன் வழியாகத்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று வாங்குபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேஷ்லெஸ் வசதியும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழுதுபார்க்கும் பணிமனைக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்ததே. ஆகவே, நான் பயன்படுத்தப்போகும் பணிமனைக்கே தொலைபேசியில் பேசி, எந்தெந்த நிறுவனங்களுடன் அவர்களுக்குக் கேஷ்லெஸ் ஏற்பாடு உள்ளது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை அது.

எங்கள் தெருவில், காப்பீட்டு நிறுவனங்களுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் வாகன சர்வேயராக முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பட்டியலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொகையைப் பார்த்துவிட்டு, "பிரீமியம் எவ்வளவுன்னு அப்புறம் பாக்கலாம் தம்பி, எதுக்கெல்லாம் தர மாட்டான்னு முதல்ல படிச்சுட்டு வாங்க" என்றார். பாலிசி நிபந்தனைகள் முழுவதையும் அச்சிட்டு, இரண்டு மாலைப் பொழுதுகள் அவருடன் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்த வரையில் அதன் அமைப்பைச் சொல்கிறேன்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கான பகுதி, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. நம் காருக்கு நேரும் சேதத்துக்கான பகுதியை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். மூன்றாம் நபர் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. அதில் பேரம் இல்லை. 2022 ஜூன் மாதம் முதல் அப்போது நடப்பில் இருந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையிலான புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 10,640 ரூபாய்; 1500 சி.சி.யைத் தாண்டினால் 24,596 ரூபாய். எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்கிறார்களே தவிர அதன் திறனைப் பார்ப்பதில்லை. 75 பி.எஸ். தந்த என் பழைய 1.2 லிட்டர் போலோவும், அதைப்போல் இரு மடங்கு தரும் இந்தக் காரும் ஒரே படியில்தான் வருகின்றன. 1498 என்ற அந்த எண்ணுக்காக நான் நன்றியோடு இருந்தேன் என்றாலும், சாலையில் நடப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் இது சரியான அளவுகோலாக எனக்குப் படவில்லை.

பேரத்துக்கு இடமுள்ளது சொந்தச் சேதப் பகுதியில்தான். அதற்கு அடிப்படை ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. புதிய காருக்கு எக்ஸ்ஷோரூம் விலையில் ஐந்து விழுக்காடு கழித்து அதை வைக்கிறார்கள். என் காருக்கு 17.10 லட்சம். கார் திருடுபோனாலோ, சீர்செய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கிடைப்பது அந்தத் தொகைதான். கட்டிய சாலை வரி அதில் அடங்காது. நான் செலவழிப்பது 21 லட்சத்துக்கும் மேல், கைக்கு வருவது 17 லட்சம் என்றால், நடுவில் உள்ள நான்கு லட்சத்தை வங்கிக் கடனோடு சேர்த்து நானே சுமக்க வேண்டும். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற சேர்க்கை இருக்கிறது. 82,000 ரூபாய்ப் பட்டியலில் அது இல்லை என்பதை, பிரித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்ட பிறகே தெரிந்துகொண்டேன்.

அந்தப் பட்டியலில் இல்லாத இன்னொன்று நோ கிளெய்ம் போனஸ். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அது காருக்கு உரியது என்று பலர் நினைத்துக்கொண்டு பழைய காரோடு விட்டுவிடுகிறார்கள். அது உரிமையாளருக்கு உரியது. போலோவை விற்றதற்கான ஆவணங்களைப் பழைய நிறுவனத்திடம் கொடுத்து, என் போனஸை ஒதுக்கி வைத்ததற்கான சான்றிதழை வாங்கினேன். மூன்று ஆண்டுகள் வரை அதைப் புதிய காரின் பாலிசியில் பயன்படுத்தலாம். அந்த ஒரு தாளினால் எனக்கு மிஞ்சியது 17,000 ரூபாய்க்கும் மேல்.

சேர்க்கைகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் சர்வேயர் ஐயாவின் அனுபவம் பெரிதும் உதவியது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தேய்மானம் கழித்துவிடுவார்கள். இன்றைய காரின் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்பதால் தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்க்கை இல்லாமல் இந்தக் காரை எடுப்பதில் அர்த்தமில்லை. எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை குறித்து அவர் இன்னும் அழுத்திச் சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கு அனுப்பப்பட்ட சர்வேயர்களில் அவரும் ஒருவர். தண்ணீரில் நின்றுபோன காரைப் பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்று, உள்ளே போன நீரால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினை இழந்தவர்களை அவர் நேரில் பார்த்திருக்கிறார். காப்பீடு இருந்தும், அது விபத்தின் நேரடிச் சேதம் ஆகாது என்று மறுக்கப்பட்டதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை அவருடையதாக இருந்தது. "வீட்டு வாசல்ல நின்னு அத சொல்றது ரொம்ப கஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சேர்க்கையை எடுத்தேன். டயர் மட்டும் தனியாகச் சேதமானால் சாதாரண பாலிசி தராது என்பதால் டயருக்கான சேர்க்கையையும் எடுத்தேன். சாவி தொலைந்தால் தரும் சேர்க்கையை விட்டுவிட்டேன். சேதத்தில் 15,000 ரூபாயை நானே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் பிரீமியத்தில் 2,500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். அதையும் வேண்டாம் என்றேன். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு எங்கும் எனக்கு இல்லாததால் இதிலேயே சேர்த்துக்கொண்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மறுபடி பணம் கட்டத் தேவையில்லை.

இத்தனையும் சேர்த்து, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட, வேறொரு நிறுவனத்தில் 54,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு முடிந்தது. முதல் பட்டியலில் இருந்ததைவிடப் பாதுகாப்பு அதிகம், செலவு 28,000 ரூபாய் குறைவு.

இனி வேகமான கார் என்பதற்கே உரிய செய்திக்கு வருகிறேன். கோவையில் வளர்ந்தவனுக்குச் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே வெறும் ஓர் இடமன்று. பள்ளி நாள்களில் பஸ் பிடித்துப் போய் வேலியோரம் நின்று பந்தயம் பார்த்த ஊர் அது. சொந்தக் காரில் அந்தத் தடத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்குப் பயன்படுத்தும்போது காப்பீடு செல்லாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பந்தயம் இல்லை, நேரம் குறிக்க மாட்டார்கள், தனியாகத்தான் ஓட்டுவேன் என்றால் என்ன நிலை என்று மின்னஞ்சலில் கேட்டேன். பந்தயத் தடத்தில் எந்த வகையில் ஓட்டினாலும் இழப்பீடு ஏற்கப்படாது என்று நான்காம் நாள் பதில் வந்தது. மனத்துக்கு வருத்தமாக இருந்தாலும், விபத்துக்குப் பின் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். தடத்தில் ஓட்டும் ஆசையை அங்கே பயிற்சி தருபவர்களின் கார்களில் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப் யோசனையையும் அத்தோடு கைவிட்டேன். அறிவிக்காமல் செய்த மாற்றம், பின்னாளில் இழப்பீட்டை மறுக்க நாமே எழுதிக் கொடுக்கும் காரணமாகிவிடும்.

டெலிவரிக்கு முன், கார் நிறுத்தியிருந்த யார்டுக்குப் போய் டார்ச் வெளிச்சத்தில் முழுதும் பார்த்தேன். நான்கு டயர்களிலும் ஸ்டெப்னியிலும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கிலக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஐந்தும் அதே ஆண்டினவை. ஓடோமீட்டர் 14 கிலோமீட்டர் காட்டியது. பிறகு சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியை, செல்பேசியில் வந்திருந்த பாலிசியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். பதினேழு எழுத்துகளில் பதினான்காவது, பென்சில் படியில் 8. பாலிசியில் அந்த இடத்தில் பி (B) என்ற ஆங்கில எழுத்து இருந்தது. முதலில் என் கண்தான் பிசகியது என்று எண்ணி, இரண்டாவது படி எடுத்தேன். அதிலும் 8தான்.

அடுத்த நாள் காலை ஆர்.டி.ஓ. பதிவுக்கு நேரம் குறித்திருந்தார்கள். "ஒரு எழுத்துதானே சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் விற்பனை ஊழியர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதத்துக்கு எத்தனையோ கார்களை அனுப்புகிறவர். ஆனால் பாலிசியில் உள்ள எண் என் காருடையது இல்லை என்றால், என் காருக்குக் காப்பீடே இல்லை என்று பின்னாளில் யாராவது வாதிட இடம் கொடுத்துவிடும். பதிவைத் தள்ளிவைக்கச் சொன்னேன். பென்சில் படியின் படத்தையும் இன்வாய்ஸையும் அனுப்பி, பாலிசியைத் திருத்தும் பின்குறிப்பு (எண்டார்ஸ்மெண்ட்) கேட்டு, இரண்டு நாள்கள் பலமுறை பேசிய பின் அது வந்தது. வங்கியின் பெயரைக் கடன் குறிப்பில் சேர்க்காமல் விட்டிருந்ததையும் அதே திருத்தத்தில் சரிசெய்தார்கள்.

ஆவணி முதல் வாரத்தில் கார் வீட்டுக்கு வந்தது. அம்மா எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கச் சொன்னார், எடுத்தேன். முதல் 1,500 கிலோமீட்டர் எஞ்சினை விரட்டாமல் பழக்க வேண்டும் என்பதால், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டையூசி வளைவுகளை நிதானமாகவே ஏறினேன். பக்கத்து இருக்கையில் சர்வேயர் ஐயா இருந்தார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தச் சொல்லி, கீழே தெரிந்த அணையைப் பார்த்துக்கொண்டு, சேதப் பகுதி ஓராண்டில் முடியும், மூன்றாம் நபர் பகுதி மூன்றாண்டில்தான் முடியும் என்று நினைவூட்டினார். இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் எல்லாமே மூன்றாண்டுக்கு என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டாம். முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும். அங்கேயே செல்பேசியை எடுத்து, அடுத்த ஆடி மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துவிட்டு, பத்தாவது வளைவுக்கு வண்டியை எடுத்தேன்.