ஃபேர்ஃபோர்ட் புனித மரியா ஆலயம்: 28 சன்னல்களில் ஒரு மறைக்கல்வி

இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் பக்கம் போகிறவர்கள் ஃபேர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரை விட்டுவிடாதீர்கள். ரயில் கிடையாது, சைரன்செஸ்டரிலிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். அங்குள்ள புனித மரியா ஆலயம் பேராலயம் இல்லை, ஊர் மக்களுக்கான ஒரு பங்கு ஆலயம்தான். ஆனால் மத்திய காலத்து வண்ணக் கண்ணாடி 28 சன்னல்களிலும் ஏறக்குறைய முழுத் தொகுதியாக மிஞ்சியிருக்கும் பங்கு ஆலயம் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் இது ஒன்றுதான்.

கட்டியவர் ஜான் டேம், கம்பளி வியாபாரி. காட்ஸ்வோல்ட் என்ற இந்தக் குன்றுப் பகுதியின் ஆட்டு ரோமத்துக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு கிராக்கி, இந்த வட்டாரத்துப் பெரிய ஆலயங்கள் பலவும் அந்தப் பணத்தில் எழுந்தவைதான். பழைய கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டினார், 1497-ல் அர்ச்சிப்பு நடந்தது. சுவரைக் குறைத்துச் சன்னலைப் பெரிதாக்கும் பாணி என்பதால் உள்ளே நுழைந்ததும் வெளிச்சம்தான் முதலில் தெரிகிறது. 1500-ல் அவர் இறந்தபின் மகன் எட்மண்ட் வேலையை முடித்தார். கண்ணாடி வேலையை அரசரின் கண்ணாடிக் கலைஞரான பார்னார்ட் ஃபிளவர் மேற்பார்த்தார் என்று கருதுகிறார்கள்.

படங்களை அவற்றின் வரிசைப்படி நடந்து பார்க்க வேண்டும். வடக்குப் பக்கம் ஏவாளும் பாம்பும், எரியும் முட்செடி முன் மோசே, அப்புறம் பனி நனைத்த ஆட்டு ரோமத்தோடு கிதியோன் (கம்பளி வியாபாரி கட்டிய கோயிலில் அதைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம்). தொடர்ந்து மாதாவின் வாழ்வு, கிழக்கே பெரிய சன்னலில் எருசலேம் நுழைவும் பாடுகளும் சிலுவையும். உயிர்த்த ஆண்டவர் முதலில் தம் தாய்க்குத் தோன்றுவதாக ஒரு சன்னல் இருக்கிறது. நற்செய்தியில் எழுதாத காட்சி, ஆனால் மக்கள் காலங்காலமாக நம்பியது, நானும் நம்புகிறேன்.

தெற்குப் பக்கத்தில் 12 திருத்தூதர்கள். ஒவ்வொருவரும் நம் நம்பிக்கையை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வரியைத் தாங்கி நிற்கிறார்கள், எதிர்ச் சுவரில் 12 இறைவாக்கினர்கள். எழுத்தறியாத விவசாயியும் ஆடு மேய்ப்பவரும் ஞாயிறுதோறும் இதைப் பார்த்துப் பார்த்தே மறைக்கல்வி படித்திருப்பார்கள். நான் ஒவ்வொரு திருத்தூதருக்கு முன்பும் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். 'விண்ணையும் மண்ணையும் படைத்த' என்று பேதுருவிடம் ஆரம்பித்துக் கடைசி ஆளிடம் 'நிலைவாழ்வை நம்புகிறேன்' என்று வரும்போது தொண்டை அடைத்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் ஜான் டேமின் கல்லறை. மேலே அவரும் மனைவி ஆலிஸும் பித்தளைத் தகட்டில். அதில் பழைய ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள்: இயேசுவின் அன்புக்காக எனக்காக மன்றாடுங்கள், இனி என்னால் மன்றாட முடியாது, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லி என் வேதனை தீர உதவுங்கள். இவ்வளவு பெரிய ஆலயத்தைக் கட்டிய செல்வந்தர், வருகிறவர்களிடம் கேட்பது இதை மட்டும்தான். இறந்தபின் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகச் செபிப்பதையே அடுத்த தலைமுறையில் இங்கிலாந்து ஒழித்துவிட்டது. அங்கேயே முழந்தாளிட்டு அவர் கேட்ட இரண்டையும் சொன்னேன், ஆலிஸுக்கும் சேர்த்து.

மேற்குச் சன்னலில் இறுதித் தீர்ப்பு. 1703 புயலில் சேதமான மேல்பாதியை விக்டோரியா காலத்தில் மாற்றிவிட்டார்கள், கீழ்பாதி பழையது. நடுவில் தராசுடன் மிக்கேல் சம்மனசு, ஒரு பக்கம் பேதுருவை நோக்கி ஏறும் ஆன்மாக்கள், மறுபக்கம் நரகம், அந்தச் சிவப்பு நிறத்தை எந்தப் புகைப்படத்திலும் பிடிக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் இந்தக் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள், மேற்குச் சன்னலுக்குப் பிற்பகல்தான் சரி. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைச் சன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன, தெற்கே மறைசாட்சிகளும் அவர்கள் தலைக்கு மேல் வானதூதர்களும், வடக்கே கழுத்துக் கயிற்றோடு யூதாசும் ஏரோதும் அவர்களுக்கு மேல் குட்டிப் பேய்களும், வெறும் கண்ணுக்கு அந்த முகங்கள் பிடிபடாது.