செக்வோயா மலையடிவாரத்தில் குடியேறிய பிறகு

கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரும் நம்மவர்களில் பெரும்பாலோர் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலோ லாஸ் ஏஞ்சலஸ் பக்கமோ தங்கிவிடுவதால், நாங்கள் வசிக்கும் வைசேலியாவைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. வேலை நிமித்தமாக 2019இல் இங்கு வந்தோம். ஆரஞ்சுத் தோப்புகளும் பால்பண்ணைகளும் சூழ்ந்த சமவெளி ஊர் இது. கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் அதன் பனிமுகடுகள் துலக்கமாகத் தெரியும். உலகில் செக்வோயா என்னும் ராட்சத ஊசியிலை மரங்கள் இயற்கையாக வளர்வது அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 70 முதல் 80 தோப்புகளில் மட்டும்தான்.

மலைச்சாலையில் ஏறி, 6,000 அடி உயரத்துக்கு மேலிருக்கும் ஜயண்ட் ஃபாரஸ்ட் தோப்புக்கு முதன்முதலாகச் சென்றபோது, மரத்தின் உயரத்தைவிட அதன் பட்டைதான் என்னை நிறுத்தி வைத்தது. செம்பழுப்பு நிறத்தில் நெடுக வரிவரியாகப் பிளந்திருக்கும் அந்தப் பட்டையை விரலால் அழுத்தினால் உரித்த தேங்காய் மட்டையைப் போல் நார்நாராக அமுங்குகிறது. சில மரங்களில் அது இரண்டடி வரை தடித்திருக்கும். எளிதில் தீப்பற்றும் பிசின் அதில் மிகக் குறைவு. அடிமரத்தில் ஆளுயரத்துக்கும் மேலாகக் கருகிக் குடைந்த பள்ளங்கள் இருந்தன; நூற்றாண்டுகளுக்கு முன் எரிந்த தீயின் வடுக்கள் அவை. பருமனளவில் உலகிலேயே பெரியதான ஜெனரல் ஷெர்மன் மரமும் அங்குதான் நிற்கிறது. உயரம் 275 அடி, அடிப்புறச் சுற்றளவு 100 அடிக்கும் மேல், வயது 2,000 ஆண்டுகளைக் கடந்தது.

இம்மரங்கள் தீயோடு வாழப் பழகியவை. பழகியவை என்பதைவிட, தீ இல்லாமல் பெருக முடியாதவை என்று சொல்வதே சரி. பல ஆண்டுகள் கிளையிலேயே மூடிக் கிடக்கும் காய்கள், கீழிருந்து எழும் வெப்பத்தில் காய்ந்து திறக்கின்றன. தரையில் மூடியிருக்கும் சருகு எரிந்து வெற்று மண் வெளிப்பட்டால்தான், அங்கே விழும் மிகச் சிறிய விதை வேர்பிடிக்கும். வெளிச்சம் கீழே வரவும் தீதான் வழிசெய்கிறது. மோனோ, யோகட்ஸ் முதலிய பழங்குடி மக்கள் இந்த மலைகளில் அவ்வப்போது சிறு தீ மூட்டிக் காட்டைப் பேணிவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுடைய நிலம் பறிபோனபோது அந்த வழக்கமும் ஒடுக்கப்பட்டது. பிறகு வந்த அரசு நிர்வாகம் தீயைப் பகையாகவே கண்டு, மின்னலால் பிறந்த நெருப்பைக்கூட விடாமல் அணைத்தது. 1890இல் செக்வோயா தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டதால் கோடரியிடமிருந்து மரங்கள் தப்பின என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பின் நிழலிலேயே, ஒரு நூற்றாண்டுக்கான சருகும் விறகும் அடர்ந்த இளமரங்களும் அவற்றின் காலடியில் குவிந்துவிட்டன.

நாங்கள் வந்த மறு ஆண்டு, 2020 ஆகஸ்டில், மழையில்லாத இடிமின்னல் மலையில் இறங்கியது. காசில் தீ என்று பெயர் பெற்ற அந்த நெருப்பு மாதக்கணக்கில் எரிந்தது. எங்கள் பள்ளத்தாக்கை மூன்று புறமும் மலைகள் அடைத்திருப்பதால் வந்த புகை வெளியேற வழியின்றித் தேங்கும். காற்றுத் தர வரைபடம் சிவப்பிலிருந்து ஊதாவுக்கும் அதற்கும் மேலான அடர்சிவப்புக்கும் மாறியது. பகலில் சூரியன் செம்பு நிறத்தில் மங்கித் தெரிந்தது. கார்க் கண்ணாடியில் சாம்பல் படிந்தது. கொரோனாவுக்காக வீட்டுக்குள் இருந்தவர்கள் சன்னலையும் அடைத்துக்கொண்டோம். சன்னலில் பொருத்தும் சதுர விசிறியின் பின்புறத்தில் வடிகட்டித் தகட்டை ஒட்டி வீட்டிலேயே காற்றைச் சுத்தம் செய்துகொள்ளும் முறையை, அடுத்த வீட்டு மெக்சிகோப் பாட்டிதான் எங்களுக்குச் செய்துகாட்டினார். அந்த ஒரே தீயில், உலகிலுள்ள பெரிய செக்வோயா மரங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மடிந்தது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மறு ஆண்டு மே மாதத்திலும், ஒரு பனிக்காலம் முழுவதும் கடந்த பின்னும், அங்கே ஒரு மரம் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள்.

2021 செப்டம்பரில் மீண்டும் மின்னல். கேஎன்பி காம்ப்ளக்ஸ் என்றும் விண்டி தீ என்றும் இரு நெருப்புகள் எழுந்தன. மலையடிவார ஊரான த்ரீ ரிவர்ஸில் பல பகுதிகளுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. எங்கள் ஊருக்கு ஆபத்தில்லை என்றாலும், கடவுச்சீட்டு, குடியுரிமைத் தாள்கள், மருந்து, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தோம். அந்தப் பை இன்றும் அங்குதான் இருக்கிறது. ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியைத் தீயணைப்பு வீரர்கள் அலுமினியத் தாளால் சுற்றிக் கட்டிய படம் அப்போது உலகெங்கும் பரவியது. பழைய வடுக்களின் பள்ளங்கள் வழியாக நெருப்பு மரத்தின் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஊரிலிருந்து என் அப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ பெரிய மரத்துக்கே போர்வை போத்துறாங்களாம்மா?" என்று கலங்கிப்போய்க் கேட்டார்.

ஷெர்மன் தப்பியது. அலுமினியத் தாளுக்குக் கிடைத்த புகழில், அந்தத் தோப்பைக் காத்த இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தம். 1960களில் ரிச்சர்ட் ஹார்டஸ்வெல்ட் முதலிய ஆய்வாளர்கள் செக்வோயாவுக்குத் தீ தேவை என்று நிறுவிய பிறகு, பூங்கா நிர்வாகம் அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்தே ஈரமும் காற்றும் பார்த்துத் திட்டமிட்டுச் சிறு தீயிட்டு வந்திருக்கிறது. ஜயண்ட் ஃபாரஸ்ட் பகுதியில் அப்படிப் பலமுறை எரிக்கப்பட்டிருந்ததால், 2021இன் நெருப்பு அங்கே வந்தபோது பெரும்பாலும் தரையோடு தணிந்து சென்றது. அப்பணி போதிய அளவில் நடக்காத தோப்புகளில், 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும் பட்டை வண்டுகளாலும் செத்து நின்ற பைன், ஃபிர் மரங்களைப் பற்றி ஏறிய தீ செக்வோயாவின் உச்சிக்கிளைகளையே எட்டியது. எவ்வளவு தடித்த பட்டையானாலும் உச்சி எரிந்த மரத்தைக் காப்பாற்றாது. இரண்டே ஆண்டுகளில், உலகின் பெரிய செக்வோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை போய்விட்டன.

பட்டுப்போன தோப்புகள் சிலவற்றில் விதைக்கும் வழியில்லை. காயும் சேர்ந்து கருகிவிட்டது. அதனால் ரெட்வுட் மவுண்டன் முதலிய தோப்புகளில் கன்று நட 2023இல் பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது. மனிதக் கை படக் கூடாத காடு என்று சட்டம் வகுத்த இடத்தில் நடலாமா என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களது அக்கறையை மதிக்கிறேன். எனினும் நூறாண்டு தீயை அணைத்தே காட்டை மாற்றிய மனிதக் கை, இப்போது மட்டும் ஒதுங்கி நிற்பது நியாயமாகப் படவில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில், கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் குடியேறியது. மலைமேல் எழுந்த மெல்லிய புகையைப் பார்த்து அந்தப் பெண், "அவங்களே காட்டுக்குத் தீ வெக்கிறாங்களாக்கா? பையனுக்கு வீசிங் வேற இருக்குதே," என்று பதறினாள். அவள் பயம் நியாயமானது. முன்கூட்டி அறிவித்து வைக்கும் இந்தச் சில நாள் புகையைப் பொறுக்காவிட்டால், ஆகஸ்டில் மாதக்கணக்கில் வரும் புகையைத் தாங்க வேண்டியிருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். தீயிடும் நாள்களைப் பூங்காவின் அறிவிப்பில் எப்படிப் பார்ப்பது, காற்றுத் தர எண் எவ்வளவு ஏறினால் பையனை வெளியே விளையாட விடக் கூடாது, விசிறியில் வடிகட்டியை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதையெல்லாம் அன்று மாலையே அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.