ரெண்டாவது ஸ்லிட்டைத் திறந்தா ஏன் இருட்டாகுது

போன வாரம் அக்கா பொண்ணு ஃபோன் பண்ணினா, பன்னெண்டாவது படிக்கிறா, எடுத்ததுமே "சித்தி, எலக்ட்ரான் அலையா துகளா? ரெண்டும்னு எழுதினா மார்க் போட்டுடறாங்க, ஆனா ரெண்டும்னா என்ன அர்த்தம்னு கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னா. ஒரு மணி நேரம் பேசினேன், ஃபோனை வச்சப்புறமும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்துச்சு, அதான் மிச்சத்தையும் சேர்த்து இங்க எழுதறேன். நான் ஃபிசிக்ஸ் படிச்சவதான், ஹைட்ரஜனுக்கு ஷ்ரோடிங்கர் ஈக்வேஷனை (குவாண்டம் ஃபிசிக்ஸோட அடிப்படை ஈக்வேஷன்) போட்டு விடை கொண்டு வரத் தெரியும், ஆனா அந்த ஈக்வேஷன் என்ன சொல்லுதுன்னு மனசுல இறங்கினது படிப்பெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு, ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டைத் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பார்த்தப்போதான். அந்த எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்கதை வேணும்.

இரும்பைக் காய்ச்சினா முதல்ல மங்கலா சிவக்கும், இன்னும் சூடானா ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் வெள்ளைன்னு போகும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா 1900 வரைக்கும் இருந்த ஃபிசிக்ஸை வச்சு இதைக் கணக்கு போட்டா, சூடான எந்தப் பொருளும் அல்ட்ரா வயலட் பக்கம் போகப் போக அளவே இல்லாம எனர்ஜியைக் கொட்டணும்னு விடை வந்துச்சு, நிஜத்துல அப்படி எதுவும் நடக்கறது இல்லை. 1900 டிசம்பர்ல பெர்லின்ல மேக்ஸ் பிளாங்க் ஒரு வழி சொன்னார், அந்தப் பொருளுக்குள்ள அதிர்ற ஒண்ணொண்ணும் எனர்ஜியை இஷ்டப்பட்ட அளவுல தராது, பொட்டலம் பொட்டலமாதான் தரும், ஒரு பொட்டலத்தோட அளவு ஃப்ரீக்வென்சியை (ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிருதுங்கறது) ஒரு சின்ன நம்பரால பெருக்கினா வரும்னு. அந்த நம்பர்தான் பிளாங்க் மாறிலி. எவ்ளோ சின்னதுன்னா, ஜூல்-செகண்ட் கணக்குல புள்ளிக்கு அப்புறம் 33 சைபர் போட்டு 6626னு எழுதணும். ஃப்ரீக்வென்சி கூடக்கூட பொட்டலம் பெருசாகுது, அவ்ளோ பெரிய பொட்டலத்தைக் கட்ட அந்தச் சூட்டுல எனர்ஜி பத்தலை, அதனாலதான் அல்ட்ரா வயலட் பக்கம் கொட்டாம அடங்கிடுது.

1905ல ஐன்ஸ்டைன் இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனார், பொருள் மட்டும் இல்லை, ஒளியே பொட்டலமாதான் வருதுன்னார். ஒரு துத்தநாகத் தகட்டுல சிவப்பு விளக்கை எவ்ளோ பிரகாசமா அடிச்சாலும் ஒரு எலக்ட்ரான் கூட வெளிய வராது, மங்கலான அல்ட்ரா வயலட் பட்டா உடனே வரும். ஒளி வெறும் அலைன்னா பிரகாசம் கூடினா போதுமே, ஏன் வரலை? ஏன்னா எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்க ஒரே பொட்டலத்துல போதுமான எனர்ஜி இருக்கணும், சின்னப் பொட்டலம் கோடி கோடியா வந்தாலும் காரியம் ஆகாது. ராபர்ட் மில்லிகனுக்கு இந்த ஐடியா மேல நம்பிக்கையே இல்லை, வருஷக்கணக்கா உட்கார்ந்து அளந்து பார்த்தார், 1916ல அவரோட அளவீடு ஐன்ஸ்டைன் எழுதின ஃபார்முலாவோட அப்படியே பொருந்திப் போச்சு. தனக்குப் பிடிக்காத விடை வந்தப்பவும் அதை அப்படியே வெளியிட்டார் பாருங்க, அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அலைன்னு நினைச்ச ஒளி துகள் மாதிரி நடந்துக்குதா, அப்போ துகள்னு நினைச்ச எலக்ட்ரான்? 1924ல லூயி டி ப்ராய் அதுக்கும் அலைநீளம் இருக்குன்னு தீசிஸ்ல எழுதினார், பிளாங்க் மாறிலியை உந்தத்தால (மொமென்டம், நிறையை வேகத்தால பெருக்கினது) வகுத்தா வர்றதுதான் அந்த நீளம். 1927ல டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் கிரிஸ்டல்ல எலக்ட்ரானை அடிச்சு அதைக் காட்டிட்டாங்க. அதே சமயம் ஜி.பி. தாம்சனும் தனியா காட்டினார். எலக்ட்ரான்ங்கற துகளைக் கண்டுபிடிச்ச ஜே.ஜே. தாம்சனோட பையன்தான் இவர், அப்பாவுக்கு 1906ல நோபல், அதே எலக்ட்ரான் அலைன்னு காட்டினதுக்கு பையனுக்கு 1937ல நோபல்.

சரி, இப்போ அந்த எக்ஸ்பெரிமென்ட்.

ஒரு பக்கம் எலக்ட்ரானை விடற கருவி, நடுவுல ரெண்டு மெல்லிசான ஸ்லிட், அதாவது கீறல் மாதிரி திறப்பு, இருக்கற தடுப்பு, அந்தப் பக்கம் ஸ்கிரீன். ஸ்கிரீன்ல ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் கவனிங்க. இடது ஸ்லிட் மட்டும் திறந்திருந்தா அந்த இடத்துல ஒரு மணி நேரத்துக்கு 100 எலக்ட்ரான் விழுதுன்னு வச்சுக்கோங்க. வலது மட்டும் திறந்திருந்தாலும் 100. ரெண்டையும் திறந்தா? 200னுதான் யாரும் சொல்லுவோம். ஆனா நீங்க கவனிக்கற இடத்தைப் பொறுத்து, ஸ்கிரீன்ல சில இடத்துல 400 விழும், சில இடத்துல ஒண்ணு கூட விழாது. அந்த 400ஐ விடுங்க, அந்த ஜீரோவைப் பாருங்க. ஒரு வழி திறந்திருந்தப்போ 100 வந்த இடம், இன்னொரு வழியையும் கூடத் திறந்துவிட்டதும் ஒண்ணுமே வரலை. வர்றதுக்கு வழி கூடிச்சு, வரத்து நின்னு போச்சு! இந்த ஒரு விஷயத்தை மனசுல உட்கார வச்சீங்கன்னா குவாண்டம்ல பாதி தாண்டியாச்சு.

கூட்டமா போறப்போ எலக்ட்ரான்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி இப்படி ஆகுதோன்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. 1989ல ஜப்பான்ல ஹிட்டாச்சியில அகிரா டோனோமுரா டீம் ஒண்ணொண்ணா எலக்ட்ரானை அனுப்பிப் பார்த்தாங்க (அவங்க ஸ்லிட் வைக்கலை, மெல்லிசான ஒரு இழையோட ரெண்டு பக்கமா போற மாதிரி அமைச்சாங்க, ரெண்டு வழி இருக்கணும்ங்கறதுதான் முக்கியம்). ஒரு எலக்ட்ரான் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் அடுத்தது கிளம்புது, அதனால மோத இன்னொண்ணு அங்க இல்லவே இல்லை. முதல்ல ஸ்கிரீன்ல அங்கங்க புள்ளி புள்ளியா விழுது, ஒரு ஒழுங்கும் தெரியலை, விழுந்தா முழுசா ஒரு புள்ளிதான், பாதிப் புள்ளின்னு எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்குல சேரச் சேர கோடு கோடா வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு தெரிய ஆரம்பிக்குது. அந்த வீடியோவை முதல் தடவை பார்த்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, இப்பவும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போட்டுப் பார்ப்பேன்.

இதை எப்படிப் புரிஞ்சுக்கறது? நமக்குத் தெரிஞ்ச வாய்ப்பு, அதாவது ப்ராபபிலிட்டி, எப்பவும் பாசிட்டிவ். ஒரு காரியம் நடக்க ரெண்டு வழி இருந்தா வாய்ப்பு கூடத்தான் செய்யும், குறையாது. இயற்கை அடியில வேற கணக்கு வச்சிருக்கு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு எண் இருக்கு, அதுக்குப் பேர் ஆம்ப்ளிட்யூட், அது பிளஸ்ஸாவும் இருக்கலாம் மைனஸாவும் இருக்கலாம். முதல்ல வழிகளோட ஆம்ப்ளிட்யூடைக் கூட்டணும், கூட்டினதுக்கு அப்புறம்தான் வர்க்கம் எடுக்கணும், அந்த வர்க்கம்தான் வாய்ப்பு. நம்ம உதாரணத்துல ஒவ்வொரு வழிக்கும் 10, தனியா வர்க்கம் எடுத்தா 100. ரெண்டும் ஒரே பக்கம்னா 10ம் 10ம் 20, வர்க்கம் 400. எதிர் எதிர்னா 10ல 10 போனா சைபர். அவ்ளோதான், ஸ்கிரீன்ல பார்த்தது வந்துடுச்சு. வர்க்கம்தான் வாய்ப்புங்கறதை 1926ல சொன்னவர் மேக்ஸ் போர்ன், அதுக்கு நோபல் வந்தது 1954ல, 28 வருஷம் கழிச்சு.

அதனாலதான் "எலக்ட்ரான் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கு"ங்கற வாக்கியம் எனக்குப் பிடிக்கறதே இல்லை, கேட்க நல்லா இருக்கும், ஆனா அதை வச்சு அந்த ஜீரோவை விளக்க முடியாது. ரெண்டு வழிக்கும் ஆம்ப்ளிட்யூட் இருக்கு, அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், இப்படிச் சொன்னா பிள்ளைங்களுக்கே புரியும். சூப்பர்பொசிஷன்னு பெருசா பேர் வச்சிருக்கறது இதுக்குத்தான்.

அடுத்தது எந்த வழியா போச்சுன்னு ஸ்லிட் பக்கத்துல டிடெக்டர் வச்சா அந்தக் கோடெல்லாம் அழிஞ்சு போயிடுதே, அது. இங்கதான் நிறைய பேர் மனுஷன் பார்க்கறதாலதான் அப்படி ஆகுது, நம்ம மனசுதான் உலகத்தை உண்டாக்குதுன்னு கிளம்பிடறாங்க, இதை வச்சு நோயை குணமாக்கறேன்னு காசு வாங்கறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அதுக்கெல்லாம் போகாதீங்க. வியன்னாவுல 1999ல ஆன்டன் சைலிங்கர் டீம் 60 கார்பன் அணு சேர்ந்த பெரிய மாலிக்யூலையே இப்படிக் கோடு போட வச்சாங்க. 2004ல 70 கார்பன் அணு இருக்கறதை எடுத்து லேசரால சூடு ஏத்தி அனுப்பினாங்க, சூடு ஏற ஏறக் கோடு மங்கிக்கிட்டே வந்து கடைசியில காணாமப் போச்சு. ஏன்னா சூடான மாலிக்யூல் போற வழியில தானே ஃபோட்டானை, அதாவது ஒளிப் பொட்டலத்தை, விடுது (காய்ச்சின இரும்பு மாதிரியே), அந்த ஃபோட்டான் எங்க இருந்து கிளம்புச்சுங்கற தகவல் வெளிய போயிடுது. யாரும் பார்க்கலை, எந்த மனசும் அங்க இல்லை, எந்த வழின்னு ஒரு தடயம் உலகத்துல எங்கயாவது பதிஞ்சா போதும், ரெண்டு வழியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்க முடியாது. நம்ம கண்ணுக்குத் தெரியற பொருள் எல்லாம் ஏன் சாதாரணமா நடந்துக்குதுங்கறதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், காத்தும் வெளிச்சமும் அதும்மேல மோதி ஓயாம தடயத்தை எடுத்துட்டுப் போயிட்டே இருக்கு.

ஹைசன்பர்க் 1927ல சொன்ன நிச்சயமின்மையும் இதுக்குள்ளதான் இருக்கு. அளக்கற கருவி சரியில்லாததால வர்ற பிரச்சனை இல்லை அது. ஒரு தடவை கை தட்டுங்க, எப்போ தட்டினீங்கன்னு துல்லியமா சொல்லிடலாம், ஆனா என்ன சுருதின்னு சொல்ல முடியாது. புல்லாங்குழல்ல ஒரே ஸ்வரத்தை நீளமா ஊதினா சுருதி துல்லியம், ஆனா அது எந்த நொடியில இருக்குன்னு கேட்டா பதில் இல்லை, அது பரவிக் கிடக்கு. எலக்ட்ரானோட இடமும் உந்தமும் அதே உறவுதான், கணக்கும் அதேதான். அணு நசுங்காம நிக்கறதே இதனாலதான், எலக்ட்ரானை நியூக்ளியஸ் பக்கமா ஒரு சின்ன இடத்துல அடைக்க அடைக்க உந்தம் எகிறுது, எனர்ஜி ஏறுது, அது வெளிய தள்ளுது, உள்ள இழுக்கறதும் வெளிய தள்ளறதும் சமமாகற இடம் ஹைட்ரஜன்ல சுமார் 0.053 நானோமீட்டர். பழைய ஃபிசிக்ஸ்படி ஒரு நொடியோட கோடியில ஒரு பங்கு கூட அந்த அணு தாக்குப் பிடிச்சிருக்காது.

டனலிங் பத்தி அக்கா பொண்ணுகிட்ட சொன்னப்போ அவ நம்பவே இல்லை. தாண்ட எனர்ஜி இல்லாத சுவருக்கு அந்தப் பக்கமும் ஆம்ப்ளிட்யூட் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால எப்பவாவது துகள் அந்தப் பக்கம் இருக்கும். 1928ல ஜார்ஜ் கேமோ இதை வச்சுதான் ஆல்பா கதிரியக்கத்தை (அணுக்கருவுல இருந்து ரெண்டு ப்ரோட்டானும் ரெண்டு நியூட்ரானும் சேர்ந்த துகள் வெளிய வர்றது) விளக்கினார். யுரேனியம் 238ல இருந்து ஆல்பா துகள் 4.2 எம்இவி (அணுக்கரு அளவுல எனர்ஜியை அளக்கற யூனிட்) எனர்ஜியோட வருது, யுரேனியத்தோட அரை ஆயுள், அதாவது பாதி அணு சிதைய ஆகற நேரம், சுமார் 450 கோடி வருஷம். பொலோனியம் 212ல இருந்து 8.8 எம்இவியில வருது, அரை ஆயுள் ஒரு நொடியோட பத்து லட்சத்துல ஒரு பங்குல மூணுல ஒண்ணுதான். எனர்ஜி ரெண்டு மடங்குதான், ஆயுசு வித்தியாசம் 1க்கு அப்புறம் 23 சைபர் போடற அளவு. சுவர் கொஞ்சம் மெலிஞ்சாலே ஆம்ப்ளிட்யூட் எக்கச்சக்கமா கூடிடுது, அதான். சூரியன் எரியறதும் இப்படித்தான், உள்ள ஒன்றரைக் கோடி டிகிரி சூடு இருந்தும் ரெண்டு ப்ரோட்டான் ஒட்ட அது பத்தாது, டனலிங் இல்லைன்னா அந்தச் சூட்டுல சூரியன் இப்படி எரியவே முடியாது.

என்டேங்கிள்மென்ட், அதாவது ரெண்டு துகள் பின்னிப் பிணைஞ்சு இருக்கறது, தனிப் பதிவு கேட்கற விஷயம். இப்போதைக்கு ரெண்டு துகளுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப்ளிட்யூட், தனித்தனியா கிடையாதுன்னு மட்டும் வச்சுக்கோங்க. 1964ல ஜான் பெல் இதைச் சோதிக்க ஒரு கணக்கு கொடுத்தார், அதைச் செஞ்சு காட்டினதுக்கு கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூணு பேருக்கும் 2022ல நோபல். இதை வச்சு ஒளியை விட வேகமா தகவல் அனுப்ப முடியாது.

எல்லாம் கேட்டுட்டு அவ கடைசியா ஒண்ணு கேட்டா, "அந்த மைனஸ் நிஜமா சித்தி, இல்ல கணக்குக்காகப் போட்டதா, வர்க்கம் எடுத்தா மைனஸ் காணாமப் போயிடுமே"ன்னு. எவ்ளோ நல்ல கேள்வி! 1975ல இதை நியூட்ரான் வச்சே பார்த்திருக்காங்க. நியூட்ரான் போற பாதையை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதையில மட்டும் காந்தப் புலம் வச்சு அதோட ஸ்பின்னை (துகளுக்கு இயல்பாவே இருக்கற சுழற்சி மாதிரி ஒண்ணு) முழுசா ஒரு சுத்து, 360 டிகிரி, திருப்பிட்டு, மறுபடி ரெண்டையும் சேர்த்தாங்க. ஒரு சுத்து சுத்தினா எதுவும் பழைய நிலைக்கே வந்துடணும் இல்லையா, ஆனா டிடெக்டர்ல அதிகமா விழற இடத்துல குறைஞ்சுது, குறையற இடத்துல கூடிச்சு. அந்தப் பாதையோட ஆம்ப்ளிட்யூட் மைனஸா மாறியிருந்துச்சு. இன்னொரு சுத்து, மொத்தம் 720 டிகிரி திருப்பினதுக்கு அப்புறம்தான் நியூட்ரான் கிளம்பின நிலைக்குத் திரும்பி வந்துச்சு.