வெளிக்குசினிக்கு வார்னிஷ் வேண்டாம்

எங்கள் பக்கம் மரவேலை என்றால் வார்னிஷ்தான். கதவு, கட்டில், அலுமாரி எல்லாம் மினுங்க வேண்டும். மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் கட்டுகிற வெளிக்குசினிக்கு அது வேண்டாம் என்றதும் ஓடாவியாரின் முகம் சுருங்கிவிட்டது. "மகள், மினுக்கம் இல்லாட்டி என்ர வேலையெண்டு ஆர் சொல்லுவாங்க?" என்றார்.

வீட்டுக்குள்ளே மினுக்கம் சரி. வெளியே வார்னிஷ் ஒரு தோல் மாதிரி மரத்தின் மேலே நிற்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை ஊடுருவிப் போய், மரநாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும். பிடி விட்டதும் வார்னிஷ் வெடிக்கும். வெடிப்பால் இறங்கும் மாரித் தண்ணீர் லேசில் காயாது, மரம் கறுத்துப்போகும். திரும்பப் பூசுவதென்றால் முழுவதையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் ஸ்டெயின், அதாவது ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடி கலந்த பூச்சு, மரத்துக்குள் இறங்குவதால் உரிவதில்லை. ஆனால் நிறம் இருக்க வேண்டும், வெயிலை மறிப்பது அந்த நிறப்பொடிதான். நான் கடும் கபில நிறம் எடுத்தேன்.

தூண்கள் முதிரை, தட்டுகள் வேம்பு. முதிரை இறுகின மரம், எண்ணெயை லேசில் குடிக்காது. அதனால் 120ஆம் நம்பர் சாண்ட் பேப்பரோடு தேய்ப்பதை நிறுத்தி, அதற்கு மேல் வழுவழுப்பாக்காமல் விட்டோம். பூசிக் கால் மணி நேரத்தில் மேலே மிச்சமாக நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுத்து, கச்சான் காற்று அள்ளிவரும் மணலெல்லாம் அதில் ஒட்டும்.

நான் பிடிவாதமாக நின்றது வெட்டுமுனைகளில். பலகையின் முகத்தில் எண்ணெய் அப்படியே நிற்க, அறுத்த முனையில் தூரிகை வைத்த கையோடு காணாமல் போகிறது. மரத்தின் நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன, மழைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் ஏறும். குடிப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். தூணின் அடி மண்ணில் படாமல் சீமெந்துக் கட்டின் மேல் இரும்புத் தாங்கி வைத்து நிறுத்தினோம்.

கழிவு ஓயில் அடித்தால் கறையானே வராது என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். வேலிக்கட்டைக்கு அடிக்கிறவர்கள் அடிக்கட்டும், சோறு சமைக்கிற இடத்தில் அந்த நாற்றமும் நஞ்சும் எதற்கு? மீன் வெட்டும் இடத்துக்கு மரமே இல்லை, கருங்கல் பலகை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் தண்ணீர் வாளியில் ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பிவேலியில் ஒவ்வொன்றாக விரியுங்கள்.

இனி ஐப்பசி மழைக்கு முன்னம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். துளி உருண்டு ஓடினால் விட்டுவிடலாம். ஊறி மரம் கறுத்தால் கழுவி, காயவிட்டு, இன்னொரு கை. வெயில் நேராக விழும் தூண்தான் முதலில் கேட்கும்.